‘இன்’னா? ‘ஆன்’னா?

ஆங்கில வாத்தியாராக 33 வருடம் வேலை பார்த்தவன் நான். 1975இல் மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். 2008இல் ஓய்வு பெற்றபோது சந்தன மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். அத்தனை வருடத்தில் நான் அதிகமாகச் சிவப்பு மை செலவழித்தது எதற்கு என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: ப்ரெபொசிஷனுக்கு.

நம் பிள்ளைகளுக்கு டென்ஸ் கூட எப்படியோ பிடிபட்டுவிடும். இந்த ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ மூன்றும்தான் உயிரை வாங்கும். காரணம் எளிது. நமக்கு மூன்றுக்கும் ஒரே உருபு போதும். பெட்டியில் புத்தகம் இருக்கிறது, மேசையில் புத்தகம் இருக்கிறது, வாசலில் அப்பா நிற்கிறார். எல்லாம் ‘இல்’தான். ஏழாம் வேற்றுமை. வெள்ளைக்காரனுக்கோ பெட்டிக்கு ‘இன்’, மேசைக்கு ‘ஆன்’, வாசலுக்கு ‘அட்’. தமிழில் உள்ளே, மேலே என்று சொல்ல முடியாதா என்றால் முடியும். வேண்டும்போது சொல்வோம், வேண்டாதபோது விட்டுவிடுவோம். அவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வாயைத் திறந்தால் உள்ளேயா மேலேயா என்று முடிவு செய்தாக வேண்டும்.

உடம்பு விஷயம் வந்தால் இன்னும் கஷ்டம். அந்தக் காலத்தில் நாம் எல்லோரும் எழுதிய லீவ் லெட்டர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று ஆரம்பிக்கும். அந்த ‘ஃப்ரம்’ மட்டும் ஒரு பிள்ளையும் தப்பாக எழுதாது. ஏனென்றால் அது மனப்பாடம். காய்ச்சலைத் தாண்டி வேறு வியாதி வந்தால் போச்சு. ‘மை லெக் இஸ் பெயினிங்’ என்பான் ஒருவன். ‘பெயின் அட் மை ஸ்டொமக்’ என்பான் இன்னொருவன். நான் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டுப் பிரித்து எழுதிப் போடுவேன். வலி, அதாவது ‘பெயின்’, எப்போதும் உறுப்புக்கு உள்ளே, ஆகவே ‘இன்’. பெயின் இன் த லெக், பெயின் இன் த பேக், பெயின் இன் த செஸ்ட். சிரங்கு, தடிப்பு, காயம் எல்லாம் தோலின் மேலே, ஆகவே ‘ஆன்’. ரேஷ் ஆன் த ஆர்ம், வூண்ட் ஆன் த லெக். எழுதிக்கொள், பத்துத் தடவை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். லீவ் லெட்டரில் ‘பெயின் ஆன் மை லெக்’ என்று எழுதிக் கொண்டுவந்தான். ‘ஆன்’ஐச் சிவப்பு மையில் அடித்து மேலே ‘இன்’ என்று எழுதி, கையை நீட்டச் சொல்லி ஸ்கேலால் இரண்டு கொடுத்தேன். பையன் பேசாமல் போய் உட்கார்ந்தான். மணி அடித்த பிறகு அவன் பக்கத்தில் உட்காருகிறவன் வந்து, “சார், அவன் கால்ல கொதிக்கிற கஞ்சி கொட்டிடுச்சு சார்” என்றான். வெளியே போய்ப் பார்த்தேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். முழங்காலுக்குக் கீழே தோல் வழன்று போயிருந்தது. அன்று அவனைச் சைக்கிளில் வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு மைத் திருத்தம் சரிதான் என்றே அப்போது நினைத்தேன். இலக்கணம் இலக்கணம்தானே!

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டே நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். அது என் மனைவி விஷயத்தில்.

2018 கோடையில் நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஆறு மாத விசா. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரனுக்கு ஒன்பது வயது. அவனைப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் அந்த மரங்கள் அடர்ந்த தெருவில் ஒரு நடை போய்வருவோம். அங்கே எனக்கு ஒரு கௌரவம் இருந்தது. கடைக்குப் போனாலும் நூலகத்துக்குப் போனாலும் என் மனைவிக்கு நான்தான் வாய். அவள் எட்டாவது வரை படித்தவள். ஆங்கிலம் புரியும், பேச மாட்டாள். “நீங்க சொல்லுங்க” என்று ஒதுங்கிக்கொள்வாள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், “ஏங்க, இங்க காந்துது” என்றாள். கையை இடது மாருக்குக் கீழே வைத்திருந்தாள். இங்கே வெண்ணெயும் சீஸும் தின்று வந்த வினை என்று நினைத்து, மோர் குடிக்கச் சொன்னேன். குடித்தாள். அடுத்த நாள் ராத்திரி தூக்கமே இல்லை. உட்கார்ந்தே இருந்தாள். இடது பக்கம், நெஞ்சு, வயது அறுபத்தைந்து. மகள் பயந்துபோனாள். உடனே காரில் ஏற்றி ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனாள்.

உள்ளே போனதும் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, என்ன மொழி பேசுவார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பது. அங்கே அது வழக்கம். நோயாளிக்கு ஆங்கிலம் வராவிட்டால் தொலைபேசியிலோ திரையிலோ அவர்கள் மொழி பேசுகிறவரைப் பிடித்துக் கொடுப்பார்கள். காசு கிடையாது. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, வேண்டாம், நான் ஆங்கில ஆசிரியர், நானே சொல்கிறேன் என்றேன். மகள் காரை நிறுத்தப் போயிருந்தாள்.

டாக்டர் இளைஞர். மரியாதையாகப் பேசினார். என்ன தொந்தரவு என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்துச் சொன்னேன்: “பர்னிங் இன் த செஸ்ட், டாக்டர்.”

‘இன்’. பிசகில்லாத ஆங்கிலம். சொல்லி முடித்தபோது கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் போல எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது.

அந்த வாக்கியத்தைக் கேட்டால் எந்த டாக்டரும் இரண்டு விஷயம்தான் நினைப்பார். ஒன்று இதயம். இரண்டு நெஞ்செரிச்சல். ஆங்கிலத்தில் நெஞ்செரிச்சலுக்கு ‘ஹார்ட்பர்ன்’ என்று பெயர். இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவதுதான். நாமும் ‘நெஞ்சு’ எரிகிறது என்றுதானே சொல்கிறோம். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தார். இதயத்துக்குப் பாதிப்பு உண்டா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. விடியற்காலை, இதயம் நன்றாக இருக்கிறது, அமிலத் தொந்தரவாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். பில்லைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை.

வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். அவள் தூங்கினாளா என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவள் தளர்வான நைட்டியிலேயே இருந்தாள். வழக்கமாகக் காலையில் குளித்துப் புடவை கட்டிக்கொள்கிறவள். கேட்டதற்கு, “இங்க யார் பார்க்கப் போறா?” என்றாள். சனி, ஞாயிறு போயிற்று. மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பேன், ஆச்சு என்பாள். திங்கட்கிழமை காலை முதுகுப் பக்கம் ஏதோ எட்டவில்லை என்று மகளைக் குளியலறைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அங்கிருந்து மகள் போட்ட சத்தம் எனக்குக் கூடத்தில் கேட்டது. “அம்மா, என்னம்மா இது?”

இடது மாருக்குக் கீழே ஆரம்பித்து, விலாவைச் சுற்றி, முதுகுத்தண்டு வரை கொப்புளம். சிவந்த தோலில் கொத்துக் கொத்தாக நீர் கோத்து, ஒட்டியாணம் போட்டதுபோல் பாதி உடம்புக்கு. நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அக்கி.

சின்ன வயதில் எங்கள் ஊரில் என் தங்கைக்கு அக்கி வந்தது. அம்மா அவளை வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போனாள், நானும் கூடப் போனேன். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு, காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றித் தோலில் எழுதினார். அக்கிக்கு மருந்து போடுவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அக்கி எழுதுவது என்றுதான் சொல்வார்கள். காவிக்கு வைரஸைக் கொல்லும் சக்தி இல்லை என்பது இப்போது தெரியும். ஆனால் ஒன்று: அக்கி எந்த இடத்தில் இருக்கிறது என்பதில் அந்த வேளாருக்குக் குழப்பம் இருக்கவில்லை. அது தோலின் மேலே.

அதே மருத்துவமனைக்கு மறுபடி போனோம். இந்தத் தடவை மகள் என்னைப் பேச விடவில்லை. “அப்பா, நீங்க கொஞ்சம் உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாள். தனக்கே தமிழும் ஆங்கிலமும் தெரிந்திருந்தும் அப்படிக் கேட்டாள். குடும்பத்துக்காரர் சொல்வதைவிட வெளியார் சொல்வது நல்லது என்று அவள் அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். நர்ஸ் ஒரு தொலைபேசியைக் கொண்டுவந்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல். யாழ்ப்பாணத் தமிழ்.

“அம்மா, வணக்கம். நான் இஞ்ச மொழிபெயர்க்கிறன். உங்களுக்கு எந்த இடத்திலை நோகுது?”

என் மனைவிக்கு அந்தத் தமிழ் புதிது. இருந்தாலும் முகம் மலர்ந்துவிட்டது. “இங்க, மார்ல, காந்துதும்மா” என்றாள். எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள்.

அந்தப் பெண் உடனே மொழிபெயர்த்துவிடவில்லை. டாக்டரிடம், ஒரு விஷயம் தெளிவாகக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“அம்மா, அது தோலிலையோ, உள்ளுக்கையோ?”

“மேல் தோல்லதாம்மா. உள்ள ஒண்ணும் இல்ல. துணி பட்டாலே காந்துது. பச்ச மொளகா அரிஞ்ச கையை அங்க வெச்சு தேச்ச மாதிரி.”

“எத்தினை நாளாய்?”

“செவ்வாக்கிழமைலேருந்து. அப்ப கொப்புளம் கிடையாது. ஆனா காந்தல் இதே காந்தல்தான்.”

தொலைபேசியில் ஆங்கிலம் கேட்டது: “ஆன் த ஸ்கின், டாக்டர். இட் பர்ன்ஸ் ஆன் த ஸ்கின்.” துணி பட்டாலே எரிகிறது, உள்ளே வலி இல்லை, கொப்புளம் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது என்று வரிசையாகச் சொன்னாள். அவள் ஆங்கிலம் சாதாரண ஆங்கிலம்தான். நான் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ‘ஆன்’ஐக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையனின் லீவ் லெட்டரில் நான் அடித்துவிட்ட அதே ‘ஆன்’.

வந்திருந்தவர் வேறு டாக்டர், வயதான அம்மாள். பொறுமையாக விளக்கினார். சின்ன வயதில் சின்னம்மை வந்தவர்கள் உடம்பில் அந்த வைரஸ் நரம்பின் வேரில் உறங்கிக்கொண்டிருக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொண்டு, அந்த ஒரு நரம்பு போகும் பாதையில் மட்டும் தோலுக்கு வரும். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஷிங்கிள்ஸ்’ என்று பெயர். அது இடுப்புக்கச்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று பிற்பாடு அகராதியில் பார்த்தேன். கொப்புளம் தெரிவதற்குச் சில நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சலோ கூச்சமோ வலியோ வரலாம். வைரஸுக்கு மருந்து உண்டு. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதிகப் பலன்.

நாங்கள் அந்தக் கணக்கைத் தாண்டியிருந்தோம். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்ததால், பரவாயில்லை என்று மருந்தை ஆரம்பித்தார்.

முதல் நாள் நான் சரியாகச் சொல்லியிருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பார்களா? சொல்ல முடியாது. அன்று தோலில் ஒன்றும் இல்லை. அறுபத்தைந்து வயதுக்காரிக்கு இடது பக்கம் எரிகிறது என்றால் இதயத்தைப் பார்த்ததும் நியாயம்தான். ஆனால் ‘ஆன் த ஸ்கின்’ என்று கேட்டிருந்தால் அந்த இளைஞர் ஒருவேளை தோலைத் தடவிப் பார்த்திருப்பார். கொப்புளம் ஏதாவது வந்தால் உடனே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பார். வெள்ளிக்கிழமையே போயிருப்போம்.

காரில் திரும்பும்போது கேட்டேன். “வெள்ளிக்கிழமையே கொப்புளத்தைப் பார்த்தியே, அக்கின்னு உனக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். “நீங்கதான் டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டீங்களே. அவ்வளவு மெஷின் வெச்சுப் பார்த்து வாயுன்னுட்டாங்க. அதுக்கு மேல நான் போய் அக்கின்னு சொன்னா, உங்களைத் தப்புன்னு சொன்ன மாதிரி ஆகாதா?” என்றாள்.

மகள் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேரனுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று பேச்சை மாற்றினேன்.

கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்தது. காந்தல் போகவில்லை. நரம்பு புண்பட்டுவிட்டால் அப்படித்தான், வயதானவர்களுக்கு மாதக் கணக்கில் இருக்கும் என்றார்கள். ரவிக்கை போட முடியாமல், மெல்லிய பருத்தித் துணியை மட்டும் சுற்றிக்கொண்டு, மின்விசிறிக் காற்று பட்டாலே முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தாள். ஊருக்குத் திரும்பும் விமானத்தில் பதினைந்து மணி நேரமும் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து வந்தாள். அடுத்த பொங்கலுக்குத்தான் ஓரளவு பழைய மாதிரி புடவை கட்டிக்கொண்டாள்.

அந்த ஏழு மாதமும் எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. முதலில் என் ஆங்கிலத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். ரென் அண்ட் மார்ட்டினை எடுத்துப் புரட்டினேன். என் விதியில் பிசகு இல்லை. வலி உள்ளே இருந்தால் ‘இன்’தான். பிறகுதான் புரிந்தது. தப்பு ஆங்கிலத்தில் இல்லை, தமிழில். அவள் என்ன சொன்னாள் என்பதை நான் காதில் வாங்கவில்லை.

அவள் ‘எரியுது’ என்று சொல்லவில்லை. ‘காந்துது’ என்றாள். நான் இரண்டையும் ‘பர்னிங்’ என்ற ஒரே பைக்குள் போட்டுவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். உடம்புத் தொந்தரவுக்குத் தமிழில் எத்தனை சொல்! குடைகிறது என்றால் அது தோலில் இருக்க முடியாது, காதுக்குள்ளோ எலும்புக்குள்ளோதான் இருக்கும். பிசைகிறது என்றால் வயிற்றுக்குள். சுருக்கென்று குத்துகிறது என்றால் ஊசி முனை மாதிரி ஒரு புள்ளி. இழுக்கிறது என்றால் ஓரிடத்தில் ஆரம்பித்து இன்னோரிடத்துக்குப் போகிறது. விண்விண்ணென்று தெறிக்கிறது என்றால் கட்டியோ நகச்சுற்றோ. நமநமவென்கிறது, அரிக்கிறது என்றால் தோல். மிளகாய் நறுக்கிய கை காந்தும், வெயிலில் அலைந்த முகம் காந்தும். பசித்தால் வயிறும் காந்தும்தான். ஆனால் கையைத் தோலில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி காந்துகிறது என்றால், கேட்கிறவனுக்குப் புத்தி வேண்டாமா?

ஆங்கிலம் இடத்தை ப்ரெபொசிஷனில் வைத்துச் சொல்கிறது. நாம் பெரும்பாலும் அதை வினைச்சொல்லிலேயே வைத்துவிடுகிறோம். ‘இல்’ என்ற உருபு உள்ளே, மேலே என்று பிரிக்காவிட்டாலும் பக்கத்தில் நிற்கும் வினை பிரித்துக் காட்டிவிடும். வினையைக் கவனிக்காமல் உருபை மட்டும் மொழிபெயர்த்தால் என் கதிதான்.

நம்மில் பலர் இப்போது பிள்ளைகள் வீட்டுக்கு என்று பெங்களூருக்கும் புனேக்கும் அமெரிக்காவுக்கும் போய்வருகிறோம். தமிழ் தெரியாத டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நிலை யாருக்கும் வரும். பழைய வாத்தியார் என்ற உரிமையில் ஒரு சின்னப் பாடம் நடத்திவிடுகிறேன். ஸ்கேல் கிடையாது, பயப்பட வேண்டாம்.

வலி உறுப்புக்குள் என்றால் ‘இன்’: முழங்காலில் குடைச்சல், வயிற்றில் வலி. தோலின் மேல் என்றால் ‘ஆன்’: எரிச்சல், அரிப்பு, தடிப்பு. ஒரே புள்ளியில் என்றால் ‘அட்’: ஊசி போட்ட இடத்தில் வலி. ஓரிடத்திலிருந்து கீழே ஓடினால் ‘டவுன்’. இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை இழுப்பதைக் ‘கால் வலி’ என்று சொன்னால் டாக்டர் காலைப் பார்ப்பார். ‘டவுன் த லெக்’ என்றால் முதுகுத்தண்டைப் பார்ப்பார். கண்ணுக்குப் பின்னால் வலித்தால் ‘பிஹைண்ட்’. டெங்குக் காய்ச்சலில் அப்படி வரும். கச்சை கட்டினதுபோல் சுற்றிப் பிடித்தால் ‘அரௌண்ட்’.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்ததுபோல் பாரமாக இருந்தால் அதையும் ‘ஆன் த செஸ்ட்’ என்றுதான் சொல்வார்கள். அது தோல் விஷயம் அல்ல, இதயமாக இருக்கலாம். அதிலும் பாரம் இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் இலக்கணம் யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே ஓட வேண்டும். ஆக ‘ஆன்’ மட்டும் தெரிந்தால் போதாது. பாரமா, எரிச்சலா, குத்தலா என்பதும் கூட வர வேண்டும்.

இதெல்லாம் வராவிட்டாலும் பரவாயில்லை. இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டால் கௌரவம் பார்க்காமல் வேண்டும் என்று சொல்லுங்கள். அடுத்தவருக்காக நீங்கள் பேசப்போவதாக இருந்தால், பேசுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு நிமிடம் கேளுங்கள். உள்ளேயா, மேலேயா? ஒரே இடமா, ஓடுகிறதா? தொட்டால் கூடுகிறதா? அந்த யாழ்ப்பாணத்துப் பெண் கேட்டது அவ்வளவுதான். நாற்பது வருடம் கூட வாழ்ந்த நான் அதைக் கேட்கவில்லை. இன்னொன்று, அக்கிக்குத் தடுப்பூசி இப்போது நம் ஊரிலும் கிடைக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, இரண்டு தவணை. உங்கள் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கஞ்சி கொட்டிய பையன் இப்போது எங்கே இருக்கிறானோ. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ‘பெயின்’ என்ற சொல்லுக்குப் பொதுவாக ‘ஆன்’ வராது என்பது உண்மைதான். ஆனால் அவன் தன் காலைப் பார்த்துத்தான் அந்த ‘ஆன்’ஐ எழுதியிருக்கிறான். நான் தாளைப் பார்த்து அடித்தேன். நேரில் பார்த்தால் இதைச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

போன வாரம் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, “முட்டி என்னமோ பண்ணுது” என்றாள். ‘என்னமோ பண்ணுது’ என்பதற்கு எந்த ப்ரெபொசிஷனும் கிடையாது! பேப்பரை மடித்து வைத்தேன்.

“உள்ளயா, மேலயா?”

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “ரிட்டயர் ஆகிப் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகியும் கேள்வி கேக்கறதை விடலயே” என்றாள்.

“பரவால்ல, சொல்லு.”

கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு முட்டியை நீட்டி மடக்கிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

“உள்ளதான். மடக்கினா கரகரன்னு அரைக்குது. மாடிப்படி எறங்கறப்ப ஜாஸ்தி.”

சாயங்காலம் டாக்டரிடம் போனோம். நம் ஊர் டாக்டர், தமிழ்தான். அவர் என்னைப் பார்த்து, “என்ன சார் விஷயம்?” என்று கேட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். அவளே சொன்னாள்.